காலிப் புட்டியும் தக்கையும்

தியாகம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கதை எழுதுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். கதாநாயகன் பெரிய உத்தியோகத்தை உதறித் தள்ளுவான். கொட்டுகிற மழையில் ஓடம் ஏறுவான். சாகக் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் இரவெல்லாம் கண் விழித்து அதைப் பிழைக்க வைப்பான். கிழக்கு வெளுக்கும், அத்தியாயம் முடிந்துவிடும். மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான் என்று நாங்கள் எழுதுவதில்லை. எழுதினால் வாசகர்கள் இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டிவிடுவார்கள் என்ற பயம்தான்!

ஆனால், தொண்டு என்பது பெரும்பாலும் அந்த மறுநாள் காலையில்தான் இருக்கிறது. அதற்கும் மறுநாள் காலையில் இருக்கிறது. அப்படிப் பல ஆயிரம் காலைகளைப் பார்த்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஆல்பர்ட் ஷ்வைட்ஸர். ஆப்பிரிக்காவில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஓகோவே என்ற பெரிய நதியின் கரையில், லாம்பரேனே என்ற இடத்தில் ஆஸ்பத்திரி வைத்து நடத்தியவர். 1952-ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்தியச் சிந்தனையைப் பற்றி அவர் 1935-ல் வெளியிட்ட புத்தகத்தில் திருக்குறளை மனமாரப் பாராட்டியிருக்கிறார். அதனால் தமிழ்நாட்டு மேடைகளில் அவர் பெயர் அடிக்கடி ஒலித்ததுண்டு. குறளைப் புகழ்ந்தவர் என்ற அளவில் அவரைத் தெரிந்துகொண்டு நாம் திருப்தி அடைந்துவிட்டோம். அவர் காலையில் எழுந்து என்ன செய்தார் என்பது அதைவிடச் சுவாரசியமான விஷயம்.

ஷ்வைட்ஸர் 1875-ல் அல்சேஸ் பிரதேசத்தில் பிறந்தார். அது பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே கிடந்து இழுபட்ட மண். அவர் பிறந்தபோது அது ஜெர்மனியின் கையில் இருந்தது. தகப்பனார் ஒரு சிற்றூர்ப் பாதிரியார். மகனோ தத்துவத்தில் ஒரு டாக்டர் பட்டம், சமய சாஸ்திரத்தில் ஒரு டாக்டர் பட்டம் என்று வாங்கிக் குவித்தார். ஆர்கன் வாத்தியத்தில் கீர்த்தி பெற்ற வித்வான். பாக் என்ற மகா சங்கீத மேதையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. ஸ்ட்ராஸ்பர்க் சர்வகலாசாலையில் ஆசிரியர் வேலை. மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இருபத்தொன்றாம் வயதில் அவர் தமக்குத் தாமே ஒரு தவணை குறித்துக்கொண்டார். முப்பது வயது வரையில் படிப்புக்கும் சங்கீதத்துக்கும் வாழ்வது. அதற்குப் பிறகு பிறருக்கு நேரடியாக ஏதேனும் செய்வது. இளம் வயதில் இப்படித் தீர்மானம் செய்யாதவர் யார்? முப்பதாவது வயதில் அதை ஞாபகம் வைத்திருந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 1904-ல் ஒரு நாள் அவர் மேஜைமேல் பாரிஸ் மிஷன் சங்கத்தாரின் பத்திரிகை ஒன்று கிடந்தது. பிரெஞ்சுக் காலனியான காபோன் நாட்டில் ஊழியம் செய்ய ஆள் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அவர் தேடிய வேலை கிடைத்துவிட்டது. 1905 அக்டோபர் 13-ஆம் தேதி, பாரிஸ் நகரத் தெரு ஒன்றில் இருந்த தபால் பெட்டியில் சில கடிதங்களைப் போட்டார். தாம் வைத்தியம் படிக்கப் போவதாகவும், பிறகு டாக்டராக ஆப்பிரிக்கா செல்லப் போவதாகவும் பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் அந்தக் கடிதங்கள் தெரிவித்தன.

வீட்டில் பூகம்பம்தான். இத்தனை படிப்பையும் சங்கீதத்தையும் காட்டில் கொண்டுபோய்ப் புதைப்பதா என்று கேட்டார்கள். அவர் வாதாடவில்லை. தாம் ஆசிரியராக இருந்த அதே சர்வகலாசாலையில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். முப்பது வயதுக்கு மேல், எலும்புகளின் பெயரையும் நரம்புகளின் பெயரையும் நெட்டுருப் போட்டார். சுமார் ஏழு வருஷம் இப்படிப் போயிற்று.

படிப்பு முடிந்த பிறகு வேறொரு தடை வந்தது. ஏசுநாதரைப் பற்றி அவர் எழுதியிருந்த புத்தகங்களைக் கண்டு மிஷன் சங்கத்தார் மிரண்டு போயிருந்தார்கள். இந்த மனிதர் அங்கே போய் என்ன உபதேசம் செய்வாரோ என்று அவர்களுக்குக் கவலை. தாம் டாக்டராக மட்டுமே வருவதாகவும், மத விஷயத்தில் வாயே திறப்பதில்லை என்றும் ஷ்வைட்ஸர் வாக்குக் கொடுத்தார். செலவையும் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். கச்சேரி செய்தார், புத்தகம் விற்ற பணத்தை எடுத்தார், நண்பர்கள் வீட்டு வாசற்படிகளில் ஏறி இறங்கினார். போதுமான பணம் சேர்ந்தது. 1912-ல் ஹெலேன் என்ற பெண்மணியை மணந்தார். சரித்திரப் பேராசிரியர் ஒருவரின் மகள் அவர். இந்தக் காரியத்துக்கென்றே முன்கூட்டி நர்ஸ் பயிற்சி பெற்று வைத்திருந்தார்.

1913-ஆம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று இருவரும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். எழுபது பெட்டிச் சாமான்களுடன் கப்பல் ஏறி, ஏப்ரல் 16-ஆம் தேதி லாம்பரேனே போய்ச் சேர்ந்தார்கள்.

நாவலாசிரியனாக இருந்தால் இந்த இடத்தில் நதியையும் காட்டையும் இரண்டு பக்கம் வர்ணித்துவிட்டு நேரே ஒரு ரண சிகிச்சைக்குப் போய்விடுவேன். நடந்ததோ வேறு. சாமான்கள் பின்னால்தான் வரும், மருந்துகள் இல்லை, ஆகவே மூன்று வாரத்துக்கு யாரும் வர வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வியாதி தவணை கேட்குமா? முதல் நாளிலிருந்தே ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்பாளராக வர ஒப்புக்கொண்டிருந்த உபாத்தியாயர், தம் கிராமத்தில் ஏதோ வழக்கு என்று போனவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடம் வெறும் பேச்சளவில்தான் இருந்தது. வீட்டு வாசலில் வெட்டவெளியில் வைத்தியம் நடந்தது. ஆனால் வெயிலும், மாலைதோறும் வருகிற இடிமழையும் வைத்தியம் பார்க்க விடுவதாக இல்லை.

பக்கத்தில் ஒரு பழைய கோழிக் கொட்டகை இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரையில் ஓட்டைகள். ஷ்வைட்ஸர் அதற்கு வெள்ளையடித்தார்; சுவரில் சில அலமாரிப் பலகைகளைப் பொருத்தினார்; ஒரு பழைய கட்டிலைப் போட்டார். கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்ததால் நாள் முழுவதும் தொப்பியைக் கழற்றாமலே வைத்தியம் பார்த்தார். மழை வந்தால் மட்டும் சிகிச்சையை அவசர அவசரமாக நிறுத்த வேண்டியதில்லை என்பதில் அவருக்குப் பரம சந்தோஷம். இரண்டு டாக்டர் பட்டத்தோடு மூன்றாவதும் பெற்றவருக்கு ஆப்பிரிக்கா கொடுத்த முதல் சிம்மாசனம் இதுதான்.

தினசரி முப்பது, நாற்பது பேர் வந்தார்கள். முதல் ஒன்பது மாதத்தில் சுமார் 2,000 பேர். ஓடங்களில் நாள்கணக்கில் துடுப்புப் போட்டு, 200 மைல் தொலைவிலிருந்துகூட வந்தார்கள். மலேரியா, தொழுநோய், தூக்க வியாதி, சீதபேதி, சொறி சிரங்கு, ஆறாத புண்கள், யானைக்கால், குடலிறக்கம் என்று எல்லாம் வந்தன. வெப்ப நாட்டில் வெள்ளைக்காரர்களுக்குத்தானே வியாதி, அந்த மண்ணிலேயே பிறந்தவர்களுக்கு என்ன என்று ஐரோப்பாவில் சிலர் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்துக்குக் கோழிக் கொட்டகை வாசலில் பதில் கிடைத்தது.

காலை எட்டரை மணிக்கு வேலை ஆரம்பம். நோயாளிகள் கட்டடத்தின் நிழலில் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் காரியமாக டாக்டரின் உதவியாளர் எழுந்து நின்று விதிகளைச் சொல்லுவார். இது தினமும் நடக்கும். டாக்டர் வீட்டருகே துப்பக்கூடாது. காத்திருப்பவர்கள் இரைந்து பேசக்கூடாது. எல்லோரையும் காலையிலேயே பார்த்துவிட முடியாதாகையால் ஒரு நாள் சாப்பாடு கையோடு கொண்டு வர வேண்டும். அனுமதி இல்லாமல் இரவில் தங்கினால் மருந்து கிடையாது. (தங்கினவர்கள் மிஷன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எழுப்பித் துரத்திவிட்டு அவர்கள் படுக்கையில் படுத்துக்கொண்டுவிட்டார்கள்!) மருந்து வாங்கிப் போன புட்டிகளையும் தகர டப்பாக்களையும் தவறாமல் திருப்பித் தர வேண்டும். மாத நடுவில், கப்பல் நதியில் மேலே போய்த் திரும்புகிற வரையில், ஆபத்தான நோயாளிகளை மட்டுமே டாக்டர் பார்ப்பார். அப்போது அவர் ஐரோப்பாவுக்கு மருந்து கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு விதியையும் இரண்டு பாஷைகளில் சொல்லுவார். கூட்டம் தலையை ஆட்டும். ஊருக்குப் போய் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற வேண்டுகோளுடன் பிரசங்கம் முடியும்.

இந்த விதிகளில் புட்டி விஷயம் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. நம் பாட்டனார் காலத்தில் தர்மாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு புட்டியைக் கழுவி எடுத்துப் போவார்கள். கம்பவுண்டர் அதில் செந்நிற மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டி ஒட்டித் தருவார். காட்டு நடுவில் வசிப்பவன் புட்டிக்கு எங்கே போவான்? காகிதப் பொட்டலத்தில் மருந்து கொடுக்கலாம் என்றால் அங்குள்ள ஈரத்தில் இரண்டே நாளில் ஊறிக் கரைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புட்டியும், ஒவ்வொரு தக்கையும், மூடியுள்ள ஒவ்வொரு டப்பாவும் பொக்கிஷம். ஐரோப்பிய நண்பர்களுக்கு எழுதுகிற கடிதங்களில் சங்கீத மேதை கெஞ்சிக் கேட்டதெல்லாம் காலிப் புட்டிகளைத்தான்.

சொறி சிரங்குக்கு அவர் தயாரித்த களிம்பைப் பாருங்கள்: கந்தகப் பொடி, சுத்தம் செய்யாத பனையெண்ணெய், மத்தி மீன் டப்பாக்களில் மிஞ்சிய எண்ணெய், மெழுகு போன்ற சோப்பு. எல்லாவற்றையும் குழைத்து, காலியான பால் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார். இரவெல்லாம் சொறிந்து தூக்கம் இழந்த மனிதனுக்கு அதுவே அமிர்தம். நோயாளி ஒவ்வொருவரின் கழுத்திலும் நாரில் கோத்த ஒரு வட்ட அட்டை தொங்கும். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டைப் புரட்டினால் அவருடைய வியாதி வரலாறு முழுவதும் தெரிந்துவிடும். புட்டிகளைத் தொலைத்தவர்களும் அந்த அட்டையைத் தொலைக்கவில்லை. மந்திரித்த தாயத்துப் போலக் காப்பாற்றினார்கள். டாக்டரையே அவர்கள் ‘ஓகாங்கா’ என்றுதான் அழைத்தார்கள். மந்திரவாதி என்று அர்த்தம்.

இனி அந்த உதவியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜோசப். கலோவா இனத்தைச் சேர்ந்தவர். நோயாளியாக வந்தவர்தான். பிரெஞ்சு அழகாகப் பேசுகிறாரே என்று ஷ்வைட்ஸர் கவனித்தார். விசாரித்தபோது, அவர் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரராக இருந்தவர் என்று தெரிந்தது. ஆங்கிலமும் தெரியும், சுற்றுப்புறத்துப் பாஷைகள் எட்டுத் தெரியும். அன்று முதல் அவரே மொழிபெயர்ப்பாளர், கம்பவுண்டர், ஆலோசகர் எல்லாம். உடற்கூற்று சாஸ்திரத்தை அவர் சமையலறையில் கற்றிருந்தார். ஒருவனுக்கு வலது தொடைக்கறியில் வலி என்பார். ஒரு பெண்மணிக்கு இடப்பக்கத்து விலாக்கறியில் குத்துகிறது என்பார். ஸ்ட்ராஸ்பர்க்கில் ஏழு வருஷம் படித்தவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தியத்தைக் கவனிப்பார். ஜோசப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அலமாரியிலிருந்து கேட்ட மருந்தைத் தவறாமல் எடுத்துத் தருவார். சீட்டில் இருக்கும் எழுத்துக்களின் வடிவம் அவர் கண்ணில் சித்திரமாகப் பதிந்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்தி, இரண்டு மணிக்கு மறுபடியும் ஆரம்பித்து, ஆறு மணிக்கு வேலை முடியும். அதற்குள் முறை வராதவர்கள் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. கொசு வரும், கொசுவோடு மலேரியா வரும். சாமான்கள் எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும், இல்லையேல் மறைந்துவிடும். வீட்டு வேலை, சாவிக்கொத்து, ரண சிகிச்சைக் கருவிகள், மயக்க மருந்து கொடுப்பது, ரத்தம் தோய்ந்த துணிகளை வேகவைத்துத் துவைப்பது இத்தனையும் ஹெலேன் அம்மையாரின் பொறுப்பு. சில இரவுகளில் எறும்புப் படை வேறு. காட்டிலிருந்து கோடிக்கணக்கில் அணிவகுத்து வரும் அந்த எறும்புகள் கோழிக் கூண்டில் புகுந்தால் கோழிகள் பிழைக்கா. நடுநிசியில் எழுந்து வாளி வாளியாக மருந்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எல்லாம் அடங்கிய பிறகு பியானோ. பாரிஸ் நகரத்துப் பாக் சங்கத்தார் ஆர்கனைப் போலக் காலாலும் வாசிக்கும்படியான ஒரு பியானோவைக் கொடுத்திருந்தார்கள். ஈரத்துக்கும் கறையானுக்கும் ஈடு கொடுக்க அதற்குத் துத்தநாகத் தகடு பொருத்தியிருந்தது. பெரிய மரம் ஒன்றைக் குடைந்து செய்த ஓடத்தில் ஏற்றி அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சங்கீதத்தை அடியோடு துறந்துவிட்டதாக நினைத்து வந்தவர், தினமும் சிறிது நேரம் யார் பாராட்டும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

கதைக்காரனுக்குப் பிடித்த கட்டமும் இல்லாமல் போகவில்லை. குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டு துடிதுடிக்கிறவர்களை ஓடத்தில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதற்கு முன்பெல்லாம் அந்த வியாதிக்காரர்கள் நாள்கணக்கில் அலறியே செத்தார்கள். ஷ்வைட்ஸர் அறுத்துச் சரிசெய்தார். மயக்கம் தெளிந்து கண் விழிக்கிறவன் வலி போய்விட்டதென்று திரும்பத் திரும்பச் சொல்லி, இருட்டில் டாக்டரின் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வான். இந்த டாக்டர் முதலில் ஆட்களைக் கொன்று, பிறகு குணப்படுத்தி, அதன் பிறகு எழுப்பிவிடுகிறார் என்று ஒரு பள்ளிக்கூடச் சிறுமி ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினாளாம். மயக்க மருந்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் கிடைக்காது!

1914 ஆகஸ்டில் உலக யுத்தம் மூண்டது. அல்சேஸ்காரர்களான டாக்டரும் மனைவியும் ஜெர்மன் பிரஜைகள். அவர்கள் இருந்ததோ பிரெஞ்சுக் காலனி. வீட்டுக்குள்ளேயே காவலில் வைத்தார்கள். வைத்தியம் செய்யக்கூடாது என்று உத்தரவு. வாசலில் நோயாளிகள், உள்ளே டாக்டர், நடுவே காவல். நவம்பர் இறுதியில் உத்தரவு தளர்ந்தது; வேலை மறுபடியும் தொடங்கியது. ஆனால் பணம் வற்றிவிட்டது. ஜோசப்பின் சம்பளத்தை மாதம் எழுபது பிராங்கிலிருந்து முப்பத்தைந்தாகக் குறைக்க நேர்ந்தது. தமக்கும் கௌரவம் உண்டு என்று சொல்லி ஜோசப் வேலையை விட்டுப் போனார். ஷ்வைட்ஸர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு ஜோசப்பிடம் மரியாதை அதிகமாயிற்று. தியாகம் செய்ய வந்தவர் செய்யட்டும். அவருடைய தியாகத்துக்குப் பக்கத்தில் நிற்பவனும் பாதிக் கூலி வாங்க வேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

1915 செப்டம்பரில், நோயுற்ற ஒரு மிஷனரியின் மனைவியைப் பார்க்க ஷ்வைட்ஸர் நதியில் பிரயாணமானார். மூன்றாம் நாள் சூரியன் சாய்கிற நேரம். நீர்யானைக் கூட்டம் ஒன்றின் நடுவே படகு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. வெகு நாளாக அவர் மனம் தேடிக்கொண்டிருந்த சொற்றொடர் அப்போது சட்டென்று தோன்றியது. உயிரிடத்தில் பயபக்தி என்று அதைத் தமிழில் சொல்லலாம். வாழ விரும்பும் உயிர்களின் நடுவே வாழ விரும்பும் ஓர் உயிர் நாம் என்ற உணர்வு. கொல்லாமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால், கொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, எழுந்து போய் உதவவும் வேண்டும் என்பது அவர் கட்சி. குறளில் அவர் கண்டு மகிழ்ந்ததும், உலகை வெறுக்காமல் அன்பு செய்யச் சொல்கிற இந்தப் பகுதியைத்தான். பிற்காலத்தில் கட்டடத்துக்குக் கம்பம் நடுகிறபோது, குழிக்குள் எறும்போ தேரையோ விழுந்து கிடக்கிறதா என்று குனிந்து பார்த்து, எடுத்து வெளியே விட்ட பிறகே கம்பத்தை இறக்குவார்.

1917-ல் தம்பதிகளைக் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டு போனார்கள். மறு வருஷம் விடுதலை. உடம்பு கெட்டு, கடன் மிஞ்சியது. ஸ்வீடன் நாட்டில் பேசியும் வாசித்தும் கடனை அடைத்தார். 1924-ல் மறுபடியும் லாம்பரேனே புறப்பட்டபோது ஹெலேன் உடன் போகவில்லை. காச நோயால் அவர் உடம்பு நலிந்திருந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை வேறு. மூன்று வருஷத்துக்கு மேல் பிரிவு. தொண்டின் கணக்கை எழுதுகிறவர்கள் இந்தப் பற்றையும் எழுத வேண்டும். அந்த அம்மையார் அனுமதித்ததால்தான் அவர் போக முடிந்தது.

போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரியைக் காடு விழுங்கியிருந்தது. காலையில் டாக்டர், பிற்பகலில் கொத்தனார், தச்சர், மேஸ்திரி என்று இரட்டை வாழ்க்கை ஆரம்பித்தது. ஒரு நாள் பாரமான உத்தரம் ஒன்றைத் தூக்க ஆள் தேவைப்பட்டது. நோயாளியைப் பார்க்க வந்த வாலிபன் ஒருவன் நல்ல உடையணிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை கொடுக்கும்படி கேட்டார். தான் படித்தவன், மரம் தூக்குவதில்லை என்றான் அவன். உனக்கு அதிர்ஷ்டம் அப்பா, நானும் படித்தவனாக ஆசைப்பட்டேன், கைகூடவில்லை என்கிற பாவனையில் பதில் சொல்லிவிட்டு, உத்தரத்தைத் தாமே தோளில் ஏந்தினாராம். நம் ஊரிலும் அந்த வாலிபனுக்கு உறவினர்கள் உண்டு.

1925-ல் பஞ்சமும் சீதபேதியும் சேர்ந்து வந்தன. ஜனங்கள் அசுத்தப்பட்ட நதித் தண்ணீரையே மொண்டு குடித்தார்கள். எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை. தொற்று வளர்ந்துகொண்டே போயிற்று. ஒரு நாள் மனம் நொந்து நாற்காலியில் சாய்ந்த ஷ்வைட்ஸர், இவர்களுக்கு வைத்தியம் பார்க்க வந்த நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று வாய்விட்டே புலம்பினார். ‘இவர்கள்’ என்று அவர் சொன்ன இடத்தில் உண்மையில் இருந்த சொல் மரியாதையானதல்ல. பக்கத்தில் நின்றவர் ஜோசப். ஆம், அவர் திரும்பி வந்திருந்தார். பூலோகத்தில் டாக்டர் பெரிய முட்டாள்தான், ஆனால் பரலோகத்தில் அப்படி இல்லை என்று அமைதியாகச் சொன்னார். ஆமோதிப்பும் ஆறுதலும் ஒரே வாக்கியத்தில்! கையில் பேனா பிடித்தறியாத அந்த மனிதரின் வாக்கு எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படத் தக்கது.

நதியில் இன்னும் சற்று மேலே, காட்டை வெட்டித் திருத்தி, புது ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1927 ஜனவரியில் நோயாளிகள் அங்கே குடிபோனார்கள். அது ஐரோப்பிய ஆஸ்பத்திரி மாதிரி இல்லை. ஒரு கிராமம் மாதிரி இருந்தது. நோயாளியோடு தாயும், மனைவியும், பிள்ளைகளும், ஆட்டுக்குட்டியும் வந்து தங்கினார்கள். அவரவர் அடுப்பில் அவரவர் வாழைக்காயை வேக வைத்தார்கள். முடிந்தவர்கள் முட்டையோ கோழியோ கொடுத்தார்கள்; முடியாதவர்களின் உறவினர்கள் உழைத்துக் கொடுத்தார்கள். நோபல் பரிசுப் பணம் வந்தபோது அதைத் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குச் செலவிட்டார்.

புகழ் வந்தது, புகழின் பின்னாலேயே கேள்வியும் வந்தது. ஐம்பதுகளில் அங்கே போன பத்திரிகைக்காரர்கள் சிலர், இன்னும் ரண சிகிச்சைக் கூடத்துக்கு மட்டும்தான் மின்சாரமா, குழாய்த் தண்ணீர் எங்கே, ஆப்பிரிக்க டாக்டர்கள் ஏன் உருவாகவில்லை என்று கேட்டார்கள். அநியாயமான கேள்விகள் அல்ல. 1921-ல் வெளியான தம் புத்தகத்தில், ஆப்பிரிக்கர்களுக்குத் தாம் சகோதரன்தான், ஆனால் அண்ணன் என்ற கருத்தை ஷ்வைட்ஸர் எழுதியிருந்தார். அதே புத்தகத்தில், வெள்ளைக்காரன் கொண்டு வந்த சாராயத்துக்கும் வியாதிக்கும் கொடுமைக்கும் வைத்தியம் ஒரு பிராயச்சித்தமே தவிரத் தருமம் அல்ல என்றும் எழுதினார். வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கவனியாத பைபிள் கதைப் பணக்காரன் ஐரோப்பாதான் என்பது அவர் தீர்ப்பு. கடன் தீர்க்க வந்தவன் என்பதும் அவரே. அண்ணன் என்பதும் அவரே. இரண்டும் ஒரு மனிதருக்குள் குடியிருந்தன.

அண்ணன் என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியாததா? தகப்பன் இல்லாத வீட்டில் தம்பிகளைப் படிக்க வைக்க அண்ணன் ஓடாய்த் தேய்வதை நாம் பார்த்திருக்கிறோம். தம்பிக்கு மீசை முளைத்து, சம்பளம் வாங்கி, கல்யாணமும் ஆன பிறகு, பெட்டிச் சாவியைக் கொடுக்க மனம் வராமல் அதே அண்ணன் தவிப்பதையும் பார்த்திருக்கிறோம். தேய்ந்தது பொய்யில்லை. சாவியைக் கொடுக்காததும் பொய்யில்லை. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பது பக்தி. பின்னதைச் சொல்லி முன்னதை மறுப்பது நன்றி கெட்ட தனம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரித்திரம். வெள்ளைக்காரன் ஆட்சியை அனுபவித்த நாட்டில் பிறந்த நமக்கு அப்படிப் பார்க்கும் தகுதி சற்று அதிகமாகவே உண்டு.

1960-ல் காபோன் சுதந்திரம் பெற்றது. 1965 செப்டம்பர் 4-ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில், லாம்பரேனேயிலேயே ஷ்வைட்ஸர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1981-ல் பழைய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் புது ஆஸ்பத்திரி எழுந்தது. அதோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக்கூடமும் தொடங்கியது. அங்கே ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் மலேரியாவைப் பற்றி ஆராய்ந்தார்கள். 2009 முதல் 2014 வரையில் ஏழு ஆப்பிரிக்க நாடுகளில், பதினோரு இடங்களில், 15,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு ஒரு மலேரியாத் தடுப்பு மருந்தைச் சோதித்தார்கள். அந்தப் பதினோரு இடங்களில் ஒன்று லாம்பரேனே. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைக் குழந்தைகளுக்குச் சிபாரிசு செய்தது. தம் குழந்தையின் கையை ஊசிக்கு நீட்டிக் கொடுத்து, குறித்த தேதிகளில் தவறாமல் தூக்கி வந்த அந்தத் தாய்மார்களையும் மருத்துவத் தொண்டர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மருந்து வாங்கிப் போகிறவர்கள் புட்டியைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும் என்று 1913-ல் ஜோசப் தினந்தோறும் இரண்டு பாஷைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் தலையை ஆட்டியது, பலர் மறந்துபோனார்கள், டாக்டர் அலுத்துக்கொண்டார். ஆனால் புட்டி திரும்பி வராமல் போய்விடவில்லை. சற்றுத் தாமதமாக வந்தது. வந்தபோது காலியாகவும் இல்லை.